நோயாளியுடன் வந்தவர்: உளநல ஆய்வில் குடும்பத்தின் கதை

நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், ஒரு தாய் தனது மகனை உளநல கிளினிக்குக் கூட்டி வந்திருந்தார். நோயின் வரலாற்றை இரண்டு பக்கங்களில் எழுதினேன். குரல்கள் கேட்கத் தொடங்கியது எப்போது, மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா, கோபம் வந்தால் என்ன செய்வார் என்ற என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் தாய்தான். அவர்கள் எழும்பும்போது ஒரு பேச்சுக்காக, "நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ அம்மா?" என்று கேட்டேன். அவர் திரும்பி நின்றார். "ஒம்பது வருசமா இஞ்சை வாறன் பிள்ளை. இதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

நானும் அந்தப் பதிலை எங்கும் எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தக் கொப்பியில் இடமும் இருக்கவில்லை. கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு மருத்துவம் சார்ந்து ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு கேட்டபோது அந்தத் தாயே நினைவுக்கு வந்தார். நோயாளியுடன் வந்தவரை உளநல ஆய்வு எப்போது, எப்படிக் கண்டுகொண்டது என்பதே இக்கட்டுரை.

எமது நாட்டில் இக்கதை மதிலோடு தொடங்குகிறது. 1873 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தின் நோக்கம், உளநோயாளரை ஓரிடத்தில் வைத்துப் பராமரிப்பதும் காவல் செய்வதுமே. பின்னர் கொழும்புக்கு அருகே அங்கொடையில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. வடக்கிலிருந்து அங்கு சேர்க்கப்பட்ட ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கே ஒரு நாள் ரயிற்பயணம் வேண்டும். எங்கள் வகுப்பறைகளில்கூட 'அங்கொடை' என்பது ஓர் ஊரின் பெயராக அன்றி, ஒருவரைக் கேலி செய்யும் சொல்லாகவே புழங்கியது. அந்த ஏற்பாட்டில் குடும்பத்தின் வேலை வாசலோடு முடிந்தது. அதன் பின் குடும்பம் என்ன ஆனது என்று எவரும் தேடவில்லை.

1950களில் புதிய மருந்துகள் வந்தன. மேற்கு நாடுகளில் நீண்டகாலம் வைத்தியசாலையில் இருந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கினர். அவர்களுள் யார் நலமாக இருக்கிறார்கள், யாருக்கு நோய் திரும்புகிறது என்று லண்டனில் ஜோர்ஜ் பிரவுண் என்ற சமூகவியலாளரும் அவரது குழுவினரும் தொடர்ந்து பார்த்தனர். 1958 இல் வெளிவந்த முடிவு பலரை வியக்க வைத்தது. பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைகளுக்கோ சகோதரர் வீடுகளுக்கோ சென்றவர்கள் நன்றாக இருந்தனர். 1972 இல் பிரவுண், பேர்லி, விங் ஆகியோர் இதை எண்களில் காட்டினர். குறை கூறலும் வெறுப்பும் அளவுக்கு மீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குச் சென்ற உளச்சிதைவு நோயாளருள் 58 வீதமானோருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் திரும்பியது. அவை குறைந்த வீடுகளில் அது 16 வீதம் மட்டுமே.

இதனால் நன்மை விளைந்தது. குடும்பத்துக்கு நோயை விளக்கிச் சொல்லும் பயிற்சிகள் இதிலிருந்தே பிறந்தன. ஆனால் பல பெற்றோரின் காதில் விழுந்தது வேறொன்று: 'பிழை உங்களில்தான்.' எங்கள் ஊரில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. "தாய் செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டா" என்ற தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. ஆய்வாளர் அளந்தது வீட்டின் சூழலை. அந்தச் சூழல் எத்தனை வருடக் களைப்பிலிருந்து வந்தது என்பது அந்த எண்களில் இல்லை.

அடுத்த திருப்பம் இலங்கையிலிருந்தே வந்தது. நான்சி வக்ஸ்லர் என்ற சமூகவியலாளர், இங்கு முதன்முதலாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட உளச்சிதைவு நோயாளரை ஐந்து ஆண்டுகளின் பின் மீண்டும் தேடிச் சென்று பார்த்தார். 1979 இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, தொழில்மயமான நாடுகளின் நோயாளரைவிட இலங்கையர் நன்றாகவே தேறியிருந்தனர். காரணத்தை அவர் வீட்டில் தேடினார். வைத்தியரிடம் போவதா, கோயிலுக்குப் போவதா, பரியாரியாரிடம் போவதா என்பதைத் தீர்மானித்தது குடும்பம். நோய் வெளியிலிருந்து வந்த ஒன்று என்று நம்பியதால் நோயாளியைக் குற்றஞ்சாட்டவில்லை. அவர் மீண்டும் பழையபடி வேலை செய்வார் என்றே எதிர்பார்த்தனர்.

லண்டனில் நோயைத் திருப்பிக் கொண்டுவந்த குடும்பம் இலங்கையில் மருந்தாகியது. இரண்டும் முரண் அல்ல. இரண்டு ஆய்வுகளும் சொன்னது, வீட்டை விட்டுவிட்டு நோயைப் பார்க்க முடியாது என்பதையே. ஆனால் வக்ஸ்லர் பார்த்தவை கூரையும் வளவும் அயலும் உள்ள வீடுகள். அந்த வீடே இல்லாமற் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி வடக்கில் எழுந்தது.

அக்கேள்வியைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவம் கற்பித்தவர். யுத்தம் நடந்த இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக வடக்கில் நோயாளரைப் பார்த்தவர். அவரும் வைத்திய கலாநிதி சிவயோகனும் சாதாரண பொதுமக்களிடையே செய்த ஆய்வு 1994 இல் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. யுத்தத்தின் நெருக்கீடு எதையும் அனுபவிக்காதவர்கள் 6 வீதம் மட்டுமே. 64 வீதமானோரிடம் உளசமூகப் பாதிப்புகள் காணப்பட்டன. அவற்றுள் முதலிடம் பிடித்தது, உள்ளத்தின் துயர் உடலின் நோவாக வெளிப்படுவது. அது 41 வீதம். தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்செரிவு என்று வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுள் பலர் வீட்டில் இன்னொருவரைப் பராமரிப்பவர்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை எனது வயதுத் தோழிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நடையில் எவரும் தனியாள் அல்ல. அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டியவர், குழந்தையைத் தோளில் போட்டவர் என்று குடும்பம் குடும்பமாகத்தான் நடந்தோம். சோமசுந்தரம் எழுதியதன் சாரமும் இதுவே. எமது சமூகத்தில் குடும்பம் ஓர் அலகாகவே துன்பத்தை எதிர்கொள்கிறது; காயப்படுவதும் அவ்வாறே. ஆகவே தனியாளின் நோயை மட்டும் அளக்கும் மேற்கத்தைய அளவுகோல் போதாது. 1998 இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் காயப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014 இல் வந்த நூலின் தலைப்பில் மனங்களின் இடத்தில் சமூகங்கள் இருந்தன. இடையில் 2007 இலும், வன்னி மக்களைப் பற்றி 2010 இலும் வந்த கட்டுரைகளில் 'கூட்டு மனவடு' என்ற கருத்தை அவர் விரித்தார். நம்பிக்கையின்மை, மௌனம், பிறரில் தங்கியிருத்தல், செயலற்றிருத்தல் ஆகியவை தனியாட்களின் குணங்களாகத் தோன்றினும், ஊரின் காயங்களே என்று காட்டினார்.

காயம் கூட்டானது என்றால் சிகிச்சையும் கூட்டாகவே இருக்க வேண்டும். மனநல மருத்துவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த பிரதேசத்தில் அதைத் தவிர வழியும் இல்லை. கம்போடியாவிலும் சமூக உளநலப் பணியாற்றிய அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. ஆசிரியர், கிராம மட்டப் பணியாளர் போன்றோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுக்காக அவரும் சிவயோகனும் எளிய தமிழில் கைநூல் எழுதினர். குடும்ப ஆதரவு, ஊர்ச் சடங்குகள், கோயில், ஒப்பாரி ஆகியவையும் சிகிச்சையின் பகுதியாகக் கொள்ளப்பட்டன. உடல் கிடைக்காத மரணத்துக்கு எப்படி அழுவது என்று தெரியாமல் நின்ற வீடுகளுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? 2004 ஆழிப்பேரலையின் பின், 2005 இல் வகுக்கப்பட்ட நாட்டின் உளநலக் கொள்கையும் பெருவைத்தியசாலையை விட்டு மாவட்டத்துக்கும் ஊருக்கும் சேவையைக் கொண்டுசெல்வதையே இலக்காகக் கொண்டது. அங்கொடை மதிலிலிருந்து இது நெடுந்தூரம்.

ஆனால் சேவை ஊருக்கு வந்தது என்றால், வேலை வீட்டுக்கு வந்தது என்பதே பொருள். வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் தாய், தாய்க்குப் பிறகு அக்கா. சகோதரர் வெளிநாடு போக, தம்பியைப் பார்க்கவென்று கலியாணம் வேண்டாம் என்று நின்றுவிட்ட ஒருவரை எங்கள் ஒவ்வொரு தெருவிலும் காட்டலாம். 'குடும்பம்' பராமரிக்கிறது என்று ஆய்வுகளில் நாங்கள் எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் இருப்பவர் பல வேளைகளில் ஒரே ஒரு பெண். குடும்பத்தைக் குற்றவாளியாக, மருந்தாக, காயப்பட்டவராகப் பார்த்த ஆய்வு, இனி அவரைத் தனி ஒருவராகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இம்மலரைப் படிப்பவராகவும் இருக்கலாம். பிரிவு உபசாரத்தின் பின் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் நாங்கள் எத்தனையோ பேர். ஊரில் நின்றவர்களும் உண்டு. வெளியே இருப்பவர்கள் காசு அனுப்புகிறோம், மருந்தின் பெயரைக் கேட்டு இணையத்தில் தேடி ஆலோசனையும் சொல்கிறோம். தொலைபேசியில் முதற் கேள்வி "தம்பி எப்பிடி?" என்பதாகவே இருக்கிறது. லீவில் வரும்போது இரண்டு கிழமை அந்த வீட்டில் நின்று, பராமரிப்பவரை எங்காவது போய்வர விடலாம். இரவு மருந்தை நாங்கள் கொடுக்கலாம். வைத்தியர்களாக உள்ள தோழிகளுக்கு ஒன்று: தொடர்ந்து உடம்பு நோவென்று வரும் பெண்ணிடம், வீட்டில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது எனது கிளினிக் கொப்பியில் நோயாளியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு அடித்து, கூட வந்தவரின் பெயரையும் எழுதுகிறேன். அவரது நித்திரை, சாப்பாடு, அவருக்கு உதவ யார் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்கிறேன். ஐந்து நிமிடம் கூட எடுப்பதில்லை. அந்தத் தாயின் பெயரை மட்டும் நான் அன்று கேட்டு வைக்கவில்லை.