‘மலையாளி’ என்னும் பெயர்

தோல் பதனிடுதொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களுக்குத் தென்பால் ஏலகிரி, சவ்வாது மலைகள் உள்ளன. ஆண்டு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். பெயரொப்புமை கொண்டு அவரைக் கேரளத்தாரெனல் பொருந்தாது. மலைவாழ் ஆள் என்பதே யாம் கொள்ளும் பொருள். அவர் பேசுவது தமிழின் கிளைவழக்கே. முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தனர் என்னும் அவர்தம் மரபுரையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளார். மரபுரை சான்றாகாது, எனினும் பேச்சு அதனொடு முரண்படவில்லை.

வட ஆப்பிரிக்கப் ‘பெர்பெர்’ மக்கள் நிலையும் ஒப்புநோக்கத்தக்கது. அது பிறர் இட்ட பெயர். அவருட் பலர் தம்மை ‘இமாசிகென்’ என்பர். அவர்தம் மொழி மொராக்கோவில் 2011-இலும் அல்சீரியாவில் 2016-இலும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. மலையாளியர் பெயரோ அரசின் பழங்குடிப் பட்டியலில் உண்டு. பேச்சு, தமிழ் என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிடுகிறது. ஆதலின் முதியோர் நாவிலுள்ள வழக்குகளைத் தொகுத்தல் ஆய்வாளர் கடனாம்.