பெயரில் 'வான்' இருந்தா ராஜ வம்சமா? பீத்தோவனை கோர்ட்டில் சிக்க வைத்த டச்சுப் பெயர்!

வான் கோ, வான் டைக், வான் பீத்தோவன்... இந்தப் பெயர்களில் வரும் 'வான்' பிரபுக்களின் பட்டம் இல்லை. டச்சு மொழியில் அதற்கு 'இந்த இடத்தைச் சேர்ந்தவர்' என்றுதான் அர்த்தம்.

எப்படி வந்தது?

12, 13-ம் நூற்றாண்டுகளில் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளில் நகரங்கள் வேகமாக வளர்ந்தன. ஒரே ஊரில் பத்து 'யான்' இருந்தா, வரிக் கணக்கில் யாரை எழுதுவது? அதனால் ஊர், தொழில், அப்பா பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டன.

• வான் டைக்: வெள்ளத் தடுப்புக் கரையோரம் வசித்தவர்
• வான் கோ: இன்று ஜெர்மனியில் இருக்கும் கோஹ் ஊர்க்காரர்
• பக்கர்: ரொட்டி சுடுபவர்
• யான்சன்: யானின் மகன்

அப்பா பெயரை ஒட்டி வந்தவை தலைமுறைக்குத் தலைமுறை மாறின. நெப்போலியன் ஆட்சியில், 1811-ல் வந்த ஆணைதான் நெதர்லாந்தில் நிலையான குடும்பப் பெயரைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது.

பீத்தோவனுக்கு என்ன ஆச்சு?

பீத்தோவனின் தாத்தா, இன்றைய பெல்ஜியத்தின் மெஹலென் நகரில் பிறந்தவர். 'வான்' அங்கிருந்து வந்தது. ஆனால் ஜெர்மன் பேசும் வியன்னாவில் அது, பிரபுக்கள் வைத்துக்கொள்ளும் 'ஃபொன்' போலவே காதில் விழுந்தது.

இறந்த தம்பியின் மகன் கார்லை யார் வளர்ப்பது என்ற வழக்கு, பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் நடந்தது. 1818-ல் அங்கே பிரபு வம்சத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். பீத்தோவனிடம் எதுவும் இல்லை. வழக்கு சாதாரண நகர நீதிமன்றத்துக்கு மாறியது. அங்கே அவர் காப்பாளர் உரிமையை இழந்தார். மேல்முறையீடு செய்து, 1820-ல்தான் அதைத் திரும்பப் பெற்றார்.