பட்டை காட்டிய பிழை

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் வேரூன்றியபோது, இறப்பர் மரம் வந்ததேயன்றி, அதில் பால் வெட்டும் வித்தையைப் போதிக்கும் குரு எவரும் உடன் வரவில்லை. அமேசான் வழக்கப்படி சிறுகோடரியால் கொத்தினால் பால் வடிந்தது. ஆயினும் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலம் அறுபட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய்த் தடித்தது. இத்தொழிலின் கஷ்டம் யாதெனில், பிழை அன்றே புலப்படுவதில்லை. ஆண்டுகள் சென்று, அதே பட்டையை மறுபடி வெட்ட வரும்போதுதான் வெளிப்படும்.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி, 1890-களில் பலவாறு பரீட்சித்து, புதுக்காயம் செய்யாமல் பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவிவந்தால் பால் பெருகும் என்று நிரூபித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருவான்வெல்லை உள்ளிட்ட களனிப் பள்ளத்தாக்கு இறப்பர் மயமானபோது, இந்த நுட்பத்தைத் தோட்டத் தொழிலாளர் தம் மணிக்கட்டில் ஏற்றுக்கொண்டனர். ரிட்லியைப் போற்றும் சரித்திரம் அவர்களையும் அச்சாஸ்திரத்தின் பங்காளிகளாகப் போற்றுதல் நியாயம். அதிகாலையில், இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரித்து, வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முன்பே கத்தியை நிறுத்த அக்கைகள் பழகின.