பிரஷர் மாத்திரையும் கொரோனாவும்

நம் வயதுக்காரர் வீடுகளில் பிரஷர் மாத்திரை இல்லாத அலமாரி அபூர்வம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் பிரெஞ்சுக்காரர் போலவே இதைத் 'தான்சியோன்' என்போம். 2020 மார்ச்சில், அந்த மாத்திரையே எமனாகிவிடுமோ என்று உலகமெங்கும் ஒரு பயம் கிளம்பியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கொரோனா கிருமி நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ-2 என்ற புரதத்தைக் கதவாக்கிக்கொள்கிறது. ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதத்தைக் கூட்டலாம் என்று சில விலங்குச் சோதனைகள் காட்டியிருந்தன. கதவு கூடினால் ஆபத்தும் கூடாதா? லான்செட் குழுமத்தின் சுவாச நோய் இதழில் மார்ச் 11-ல் வந்த ஒரு கடிதம் இந்தச் சந்தேகத்தை எழுப்பியது. இரண்டே நாளில் ஐரோப்பிய இதயவியல் சங்கம், 'மாத்திரையை நிறுத்தாதீர்கள், இது வெறும் ஊகம்' என்ற பொருளில் அறிக்கை விட்டது.

மே 1-ல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. இத்தாலியின் லொம்பார்டியா, நியூயார்க் கணக்குகள் இரண்டும் மாத்திரையால் கெடுதல் இல்லை என்றன. 169 மருத்துவமனைகளின் 8,910 நோயாளிகளைக் காட்டிய மூன்றாவதும் அதையே சொன்னது. ஆனால் அதன் மூலப் பதிவுகளைக் கட்டுரையாசிரியர்களாலேயே சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4-ல் அது வாபஸ் ஆனது. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா நான். இதைப் படித்துத் திருப்திப்பட்டேன். முடிவு நமக்குச் சாதகமாக இருந்தாலும், பதிவேடு இல்லாத கணக்கு கணக்கல்ல.

சந்தேகத்தைத் தீர்த்தது பிரேசில். இந்த மாத்திரைகளில் ஒரு வகைக்கு வழிகாட்டியதே அந்நாட்டு ஜராராகா பாம்பின் விஷம்தான் என்பது விசேஷம். அங்கே, ஏற்கெனவே இம்மாத்திரை சாப்பிட்டு வந்து, கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 334 பேருக்கு மாத்திரையை 30 நாள் நிறுத்தினார்கள். 325 பேருக்குத் தொடர்ந்தார்கள். அந்த 30 நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் ஒன்பது ஒன்பது பேர். 2021 ஜனவரியில் முடிவு அச்சில் வந்தது. நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை.

எட்டுப் பத்து மாதத்தில் தீர்ந்த சந்தேகம்தான். ஆனால் பயந்து மாத்திரையை நிறுத்துபவருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதுவரை காத்திருக்காது. அடுத்த கொள்ளைநோயிலும் இப்படி ஒரு பேச்சு வரும். அப்போது மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுமுன் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள்.