குடிபோதை வாகன வழக்கும் அமெரிக்க விமானிகளின் பணிவாய்ப்பும்

அமெரிக்காவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்ட ஒருவர் விமானியாகலாமா, விமானியாக இருப்பவர் வேலையில் நீடிக்கலாமா என்பது மூன்று தரப்பினர் கையில் இருக்கிறது: கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.), அதன் அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள், வேலை தரும் விமான நிறுவனங்கள். ஒரே ஒரு பழைய வழக்கு பெரும்பாலும் வழியை அடைத்துவிடாது. அதை மறைத்தவர்களுக்குத்தான் நிலைமை மோசமாகிறது.

1990 நவம்பரில் நடைமுறைக்கு வந்த எஃப்.ஏ.ஏ.வின் 61.15 விதி, மது அல்லது போதைப்பொருள் தொடர்பான வாகனக் குற்றத்தில் தண்டனை பெற்றாலோ ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டாலோ விமானி 60 நாள்களுக்குள் அந்நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஓக்லஹோமா நகருக்குப் போகும் அந்தக் கடிதத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, விமானி சான்றிதழ் எண், குற்றத்தின் வகை, தேதி, பதிவு எந்த மாநிலத்தில் உள்ளது ஆகியவற்றோடு, முன்பு தெரிவித்த அதே சம்பவம்தானா என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசி விவரத்துக்குக் காரணம் உண்டு. மூச்சுச் சோதனையில் சிக்கியதுமே பல மாநிலங்கள் உரிமத்தை முடக்கிவிடும். நீதிமன்றத் தீர்ப்போ பல மாதம் கழித்து வரும். சம்பவம் ஒன்றுதான், ஆனால் கடிதம் இரண்டு. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து முதல் கெடுவைத் தவறவிடுவது எளிது. மூன்று ஆண்டுக்குள் வெவ்வேறு சம்பவங்களில் இருமுறை சிக்கினால் சான்றிதழ் முடக்கப்படலாம், ரத்தும் ஆகலாம். தெரிவிக்கத் தவறியவருக்கும் இதே நடவடிக்கைதான்.

மருத்துவச் சான்றுக்கான விண்ணப்பம் இன்னும் கறாரானது. அதன் 18ஆம் கேள்வியின் ஒரு பிரிவு, வாழ்நாளில் எப்போதாவது இத்தகைய வழக்கில் கைதானதுண்டா என்று கேட்கிறது. வழக்கறிஞர் பேரம் பேசிக் குற்றச்சாட்டை ‘பொறுப்பின்றி ஓட்டுதல்’ என்று குறைத்திருந்தாலும் கைது கைதுதான். ‘ஆம்’ என்றே குறிக்க வேண்டும். கடிதம் அனுப்பியாயிற்றே என்று இதை விட்டுவிடக் கூடாது, இரண்டும் தனித்தனிக் கடமைகள். கையெழுத்திடும்போதே தேசிய ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்க விண்ணப்பதாரர் சம்மதம் தந்துவிடுவதால், பொய் பிடிபடாமல் போவது அரிது. பொய்ப் பதிலுக்கு எல்லாச் சான்றிதழ்களும் ரத்தாகலாம். அது கூட்டாட்சிக் குற்றமாகி ஐந்தாண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு.

மருத்துவர் பார்ப்பது தண்டனையை அல்ல, குடிப்பழக்கத்தை. பெரும்பாலான மாநிலங்களில் வாகனம் ஓட்டுவோருக்கான இரத்த மது வரம்பு 0.08 சதவீதம். அளவு 0.15 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சோதனைக்கு மறுத்திருந்தாலோ மருத்துவர் தாமே சான்று தர முடியாது, கோப்பை எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவு மது ஏறியும் ஒருவரால் வண்டியை எடுக்க முடிந்ததென்றால் உடல் அதற்குப் பழகியிருக்கலாம் என்பது இதன் பின்னுள்ள சந்தேகம். காவல்துறை அறிக்கை, நீதிமன்ற ஆவணங்கள், விண்ணப்பதாரரின் சொந்த விளக்கம் எல்லாம் கேட்கப்படும். மதுச்சார்பு நோய் உறுதியானால் பொதுவாக இரண்டாண்டு குடிக்காமல் இருந்ததற்கான சான்று தேவை.

விமானிகள் சங்கம் 1970களில் தொடங்கிவைத்த ‘ஹிம்ஸ்’ திட்டம் இக்காலத்தைக் குறைக்க உதவுகிறது. சிகிச்சை, முன்னறிவிப்பில்லாச் சோதனைகள், சக விமானியின் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு உட்படுபவர் சிறப்பு அனுமதியுடன் பறக்கலாம். கார் வழக்கைவிடப் பன்மடங்கு கடுமையான ஒரு நிகழ்வு இங்கே குறிப்பிடத்தக்கது. 1990 மார்ச்சில் நார்த்வெஸ்ட் விமானத்தைப் போதையில் ஓட்டிய லைல் பிரௌஸ் சிறை சென்றார், சான்றிதழ்களை இழந்தார். மறுபடி அடியிலிருந்து தேர்வெழுதி, அதே நிறுவனத்தில் 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001இல் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இது விதிவிலக்கு, முன்மாதிரியாகக் கொள்ளத் தக்கதல்ல.

வேலை தரும் நிறுவனங்களுக்குத் தனி அளவுகோல் உண்டு. ஆள் எடுக்குமுன் ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்கச் சட்டமே சொல்கிறது. இளவயதில் ஒருமுறை நடந்து பல ஆண்டு ஓடிவிட்டதென்றால் நேர்காணலில் நேராகச் சொல்பவருக்கு வாய்ப்பு இருக்கிறது. அண்மையில் நடந்ததென்றாலோ இரண்டாம் முறை என்றாலோ விண்ணப்பம் ஒதுக்கப்படலாம். இதில் பலர் எதிர்பாராத முட்டுக்கட்டை கனடா. 2018 டிசம்பர் முதல் அந்நாட்டில் போதையில் ஓட்டுவது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனால் அமெரிக்காவில் தண்டனை பெற்றவருக்கும் அங்கே நுழைவு மறுக்கப்படலாம். டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும் விமானம் விடும் நிறுவனம், அங்கே இறங்க முடியாத விமானியைப் பணிப்பட்டியலில் சேர்க்கத் தயங்கும்.