கந்தைத் துணியும் தோட்டத்து வரலாறும்

அரசர் உடுத்திய பட்டைப் பற்றி எழுதியோர் பலர். உழைப்பாளர் உடுத்திக் கிழித்த துணிக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியோர் சிலரே. கிழிந்த துணி வீட்டுக்குள்ளேயே தேய்ந்து மறைந்துவிடுவதால் அதற்குச் சான்று கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். அதனைத் தைத்தவர் பெண்கள் என்பது மற்றொரு காரணம்.

இன்று அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகங்களும் நிறைந்து நிற்கும் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் பரவிக் கிடந்த நிலமாகும். காசல்பீல்டு, கின்றாரா ஆகிய தோட்டப் பெயர்களை இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளும் தாங்கி நிற்கின்றன. அத்தோட்டங்களின் லயன் வீடுகளில் துணி எளிதில் தூக்கி எறியப்படும் பொருளாக இருந்ததில்லை. புடைவை நைந்தால் தொட்டிலாகும். தொட்டில் நைந்தால் பல மடிப்பாக அடுக்கப்பட்டு, ஓட்டுத் தையலால் இணைக்கப்பட்டுக் குழந்தைக்கு விரிப்பாகும். அதுவும் நைந்தால் கால்மிதியாகும். பால்மரம் சீவச் செல்வோரின் உடைக்கு மட்டும் இந்த வரிசை முழுமையாக வாய்ப்பதில்லை. ரப்பர்ப்பால் பட்டு உறைந்த இடம் எத்துணை வெளுத்தாலும் போகாது. ஆதலின் கறைபட்ட பகுதியை வெட்டி நீக்கி, நல்ல பகுதியைத் துண்டுகளாகச் சேர்ப்பதே வழி. ஒட்டுத் துணி என்பது அழகுணர்ச்சியால் மட்டும் பிறந்ததன்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

இப்பழக்கம் தோட்டத்தில் முளைத்ததும் அன்று. வங்காளத்தில் பழம்புடைவைகளை அடுக்கித் தைக்கும் விரிப்பிற்குக் காந்தா என்று பெயர். நம் கந்தை என்னும் சொல்லோடு அது ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பதைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். பீகாரில் சுஜனி என்றும் மராட்டியத்தில் கோதடி என்றும் கன்னட நாட்டில் கௌதி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. கன்னட நாட்டின் வடபகுதிக் காடுகளில் வாழும் சித்தியர், ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்கள் விரிப்பின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் பூ என்று பொருள்படும் சிறு மடிப்புத் துண்டை வைத்துத் தைத்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளார்.

மலாயாவில் துணியின் அருமை முழுமையாகத் தெரிந்தது சப்பானியர் காலத்தில்தான். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இறக்குமதி நின்றது, அரிசியைப் போலவே துணியும் அரிதாயிற்று. தோட்டப்புறத்தில் கோணிச் சாக்கே ஆடையாயிற்று. சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்க்குப் போர்வையும் அதுவே. அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. திரும்பாதோரின் பெயர்ப்பட்டியல் முழுமையாக எங்கும் இல்லை.

அதே 1942இல், சாங்கி சிறைச்சாலையில் நானூறுக்கு அணித்தான ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான கனடா நாட்டு எதெல் மல்வேனி அம்மையார் ஒரு யோசனை கூறினார். ஒவ்வொருத்தியும் ஒரு சதுரத் துண்டில் தன்னைப் பற்றி ஏதேனும் தைக்க வேண்டும். அவற்றை இணைத்து விரிப்புகளாக்கி, மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்றோருக்கு அனுப்ப வேண்டும். 66 சதுரங்கள் கொண்டவையாக மூன்று விரிப்புகள் உருவாயின. பிரிட்டானியருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, மூன்றாவது சப்பானியருக்கே. சதுரங்களில் பெயர் இருந்தது. மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று மறுபுறம் சிறைப்பட்டிருந்த கணவன் அறிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. காவலர் கண்ணுக்கு அது வெறும் பூத்தையல். இன்று இரண்டு விரிப்புகள் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் மற்றொன்று பிரிட்டானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பேணப்படுகின்றன. அதே சிறையில் சாரணச் சிறுமியர் அறுகோணத் துண்டுகளால் தைத்த விரிப்பொன்று இலண்டனில் இருக்கிறது.

தோட்டத்து விரிப்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் பெயர் தைக்கப்படவில்லை. பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது உண்மையே. எனினும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு அச்சட்டம் எழுத்தைக் கொடுத்துவிடவில்லை. ஊசி பிடிக்கத் தெரிந்த கை எழுத அறியாதிருந்தது. குறை துணியினுடையது அன்று.

கடல் கடந்தும் ஒரு சான்று காணலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்டு என்னும் ஆற்று வளைவுக் கிராமம் உள்ளது. பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கருப்பின மக்கள் வாழும் ஊர் அது. அங்கே 1942இல், கணவரை இழந்த மிசோரி பெட்வே என்னும் பெண்மணி, அவர் வயலில் உடுத்திய உடைகளையெல்லாம் வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடத்தின் வெளுப்பும் கறையும் அதில் அப்படியே உள்ளன. அவ்வட்டாரத்துப் பெண்கள் 1966இல் தையல் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினர். 2002இல் கீஸ் பெண்டுப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது கலையறிஞர் வியந்தனர். 2006இல் அவை அஞ்சல்தலையிலும் இடம்பெற்றன. தைத்தவர் குளிருக்காகத் தைத்தவர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஜீன்ஸ் என்னும் காற்சட்டையும் உழைப்பாளர் உடையாகவே பிறந்தது. பாரம் ஏறும்போது பை கிழியாதிருக்கச் செப்பு ஆணி அறையும் முறைக்கு, ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தாரும் 1873 மே 20இல் உரிமம் பெற்றனர். டெனிம் என்பது பிரான்சு நாட்டு நீம் நகரத்தால் வந்த பெயர் என்பர். டங்கரி என்னும் பெயரோ பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த டோங்கிரிப் பகுதியால் வந்தது. அதன் நீலமும் நமக்கு அயலதன்று. 1897இல் செயற்கை நீலம் செருமனியிலிருந்து சந்தைக்கு வரும்வரை, தென்னார்க்காட்டு அவுரியும் உலகச் சந்தைக்குச் சென்றது. நெடுக்கு நூல் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. நீலம் நூலின் மேற்புறத்திலேயே தங்குவதால் தேயத் தேய வெள்ளை தலைகாட்டும். பழைய ஜீன்ஸ் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீலமாக இருப்பதன் காரணம் இதுவே.

வீட்டில் இதனைத் தைக்க விரும்புவோர் பட்டையும் தடித்த மடிப்புத் தையலும் நீக்கி, காலின் பின்பகுதியை முதலில் எடுத்தல் நலம். அங்கே தேய்வு குறைவு. சதுரங்களை இணைத்தபின் உள்மடிப்பை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இருபுறமும் விரித்துத் தேய்க்க வேண்டும். இன்றேல் நான்கு துண்டுகள் கூடும் மூலையில் ஊசி முறியும். டெனிம் கனமானது, நடுவே பஞ்சு வேண்டா. அடிப்புறத்திற்கு நைந்த பருத்திப் புடைவையோ கைலியோ பொருந்தும். வெட்டுத் துணி போதாவிடில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தையற்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

பின்புறத்தின் ஒரு மூலையில் நான்கு அங்குலத் துண்டு ஒன்று வைத்து, துணியை உடுத்தியவர் பெயர், தைத்தவர் பெயர், வாழ்ந்த தோட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் நூலாலேயே எழுதிவிடலாம். சாங்கிப் பெண்கள் சிறைக்குள் இருந்துகொண்டே செய்தது அவ்வளவுதான்.