உடலுக்கு வெளியே ஒரு நுரையீரல்

பென்னாகரத்திலிருந்து மலைச்சாலையில் இறங்கி ஒகேனக்கல்லை அடைவோர், அருவியின் நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதைக் காண்பர். 'புகையும் கல்' என்பதே அவ்வூர்ப் பெயரின் கன்னடப் பொருள். அங்கே காவிரி பாறைகளின்மீது மெல்லிய படலமாக வழிகிறது. கீழே விழுந்து நுரைத்துக் குமிழிகளாகிறது. இவ்விரு நிலைகளிலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைகிறது. பரிசல் துறையின் அடியில் நீந்தும் மீனோ, தன் செவுள்களின் மென்சவ்வு வழியாக அந்த ஆக்சிஜனைத் தன் குருதிக்குள் ஈர்த்துக்கொள்கிறது. படலம், குமிழி, சவ்வு ஆகிய இம்மூன்று வழிகளையும் மனிதன் சோதித்துப் பார்த்த கதையே செயற்கை நுரையீரலின் வரலாறு.

'எக்மோ' என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் சிற்றூர் மக்களும் பரவலாக அறிந்தது 2016 டிசம்பரில்தான். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கு இதயத்துடிப்பு நின்றபின் அக்கருவி பொருத்தப்பட்டது; டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். 2020இல் கொரோனாத் தொற்றுக்குச் சென்னையில் சிகிச்சை பெற்ற பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களும் பல வாரங்கள் அக்கருவியின் துணையில் இருந்து, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இரு மரணங்களின் வாயிலாக அறிமுகமானதால், எக்மோ என்றாலே முடிவு என்று பலர் எண்ணிவிட்டனர். உயிர் பிரிந்த உடலைக் கருவியில் கிடத்திப் பணம் பறிக்கும் தந்திரம் என்பாரும் உளர். இவ்விரு எண்ணங்களும் எத்துணை பொருத்தமானவை என்பதை வரலாற்றின் துணைகொண்டே நாம் ஆராய வேண்டும்.

நுரையீரலின் பணியை அறிந்த கதை

நுரையீரல் செய்யும் பணியை அறியாமல் அதற்கு மாற்று செய்ய இயலாது. இதயத்தின் வலது அறையிலுள்ள குருதி, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடது அறைக்குக் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே முடிந்த முடிபாக ஏற்கப்பட்டிருந்தது. டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ், இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242ஆம் ஆண்டளவில் எழுதிய விரிவுரையில் இதை மறுத்தார். நடுச்சுவர் கெட்டியானது, அதில் துளைகள் இல்லை, வலது அறையின் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இடது அறைக்கு வருகிறது என்பது அவர் முடிவு. தாம் மிகவும் மதித்த இப்னு சீனாவின் கருத்தோடும் இவ்விடத்தில் அவர் மாறுபட்டார் என்பது கருதத்தக்கது.

அந்நூல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ பெர்லின் நூலகச் சுவடியொன்றில் இப்பகுதியைக் கண்டறிந்து, 1924இல் தம் ஆய்வேட்டில் வெளிப்படுத்திய பின்னரே உலகம் அதை அறிந்தது. இதற்கிடையே ஐரோப்பாவில் செர்வெட்டசும் கொலம்போவும் 16ஆம் நூற்றாண்டில் இதே கருத்தை எழுதினர்; 1628இல் ஹார்வி முழுக் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார்; 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழல்களை நுண்ணோக்கியால் கண்டார். இப்னு நஃபீஸே செயற்கை நுரையீரலுக்கு வழி வகுத்தார் என்று நாம் பெருமை பேசுதல் தகாது. அவர் நூலுக்கும் பிற்காலக் கருவிக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆயினும் குருதியும் காற்றும் சந்திக்கும் இடம் நுரையீரலே என்று தெளிவாக எழுதியவர்களுள் அவரே முற்பட்டவர் என்பது மறுக்கவியலாதது.

படலமும் குமிழியும்

உடலுக்கு வெளியே வந்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். இத்தடையை நீக்கியது ஹெப்பாரின். 1916இல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஜே மக்லீன், உறைதலைத் தடுக்கும் பொருளொன்றை விலங்கின் ஈரலிலிருந்து பிரித்தார். அவ்வாய்வின் தொடர்ச்சியாகவே ஹெப்பாரின் கிடைத்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயருக்கு அடிப்படை.

1930களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் இளம் மருத்துவராயிருந்த ஜான் கிப்பன், நுரையீரல் தமனி அடைபட்ட ஒரு பெண்மணியின் அருகே இரவு முழுதும் விழித்திருந்தார். அவர் குருதி கருத்துக்கொண்டே போவதைப் பார்த்தவருக்கு, அதை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் செலுத்தினால் என்ன என்று தோன்றியது. நோயாளி பிழைக்கவில்லை. அந்த எண்ணத்தைத் தம் மனைவி மேரியுடன் சேர்ந்து கிப்பன் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தார். 1953 மே 6 அன்று ஃபிலடெல்பியாவில், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதய அறைச் சுவரிலிருந்த துளையை அடைக்கும்போது, அவளது இதயம், நுரையீரல் இரண்டின் பணியையும் அக்கருவி 26 நிமிடங்கள் ஏற்றது. குருதி செங்குத்தான வலைத்தகடுகளில் படலமாக வழிய, அதன்மீது ஆக்சிஜன் செலுத்தப்பட்டது. அடுத்துச் செய்த அறுவைகளில் குழந்தைகள் இறந்தமையால் கிப்பன் மனமொடிந்து அப்பணியை நிறுத்திக்கொண்டார். 1955இல் மின்னசோட்டாவில் ரிச்சர்ட் டிவால் எளிய குமிழிக் கருவியை அமைத்தார். திறந்த இதய அறுவை உலகெங்கும் பரவ அதுவே பெரிதும் துணைசெய்தது.

ஆனால் படலத்திலும் குமிழியிலும் குருதி காற்றை நேரடியாகத் தொடுகிறது. அதனால் குருதியணுக்கள் சிதைகின்றன. சில மணி நேரத்துக்குமேல் அக்கருவிகளை நம்பியிருத்தல் அரிது. நாள்கணக்கில் துணைநிற்க வேண்டுமாயின் மீனின் வழியே தக்கது என்பது தெளிவாயிற்று.

சவ்வின் வெற்றியும் ஒரு பெருந்தோல்வியும்

1940களில், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப், செல்லோபேன் குழாயில் ஓடிய கருங்குருதி சிவப்பாக மாறுவதைக் கண்டார். ஆக்சிஜன் சவ்வைக் கடந்து சென்றிருந்தது. 1960களில் கொலோபோவ் சிலிக்கோன் சவ்வைச் சுருட்டி நுரையீரல் அமைத்தார். விபத்தில் சிக்கிய 24 வயது இளைஞரொருவரை 1971இல் டொனால்ட் ஹில் குழுவினர் சவ்வுக் கருவியால் 75 மணி நேரம் காத்துப் பிழைக்க வைத்தனர். 1975இல் கலிபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட், பிறந்தவுடன் மூச்சுத்திணறிய ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றினார். செவிலியர் அக்குழந்தையை 'எஸ்பெரான்சா' என்று அழைத்தனர்; ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்பது பொருள்.

எனினும் அமெரிக்க அரசின் ஆதரவில் 90 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 1979இல் வெளியான ஆய்வில், கருவி பெற்றோர், பெறாதோர் ஆகிய இரு பிரிவினருள்ளும் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பெரியவர்களுக்கு இக்கருவியைப் பயன்படுத்தும் ஆர்வம் அத்துடன் தணிந்தது. பச்சிளங்குழந்தைகளிடம் மட்டும் முயற்சி நீடித்தது. 1996இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் கருவி பெற்ற 93 குழந்தைகளில் 30 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 92 குழந்தைகளில் இறந்தோர் 54 பேர். பெரியவர்களுக்கான 2009ஆம் ஆண்டு ஆய்வில், எக்மோ நடுவத்துக்கு அனுப்பப்பட்டோருள் 63 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப்பின் கடும் ஊனமின்றி உயிருடன் இருந்தனர்; வழக்கமான சிகிச்சைப் பிரிவில் இது 47 விழுக்காடு. கொரோனாவின் முதல் அலையில் இக்கருவி பொருத்தப்பட்ட 1,035 பேரைப் பற்றிய பன்னாட்டு ஆய்வில், 90 நாள்களுக்குள் இறந்தோர் 40 விழுக்காட்டுக்கும் குறைவே என மதிப்பிடப்பட்டது. ஆகவே எக்மோ என்பது முடிவின் பெயரன்று. வேறு வழியற்றோருள் கணிசமானோரை மீட்டுத் தந்த வழி அது.

அதே வேளை, அது நோயைத் தீர்ப்பதுமில்லை. பெரிய நரம்பிலிருந்து குருதியை எடுத்து, நுண்குழல் சவ்வுகளினூடே ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, உடற்சூட்டுக்குக் கொணர்ந்து திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. உறுப்பு தேறுவதற்கு அல்லது மாற்று உறுப்பு கிடைப்பதற்கு அவகாசம் தருகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது கருவியை நிறுத்துவது மருத்துவரும் குடும்பத்தாரும் கலந்து எடுக்கவேண்டிய கடினமான முடிவாகும். மக்களின் ஐயம் பிறக்குமிடமும் இதுவே. உண்மை நிலையைத் தொடக்கத்திலேயே குடும்பத்தாருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதே அதற்கு மருந்து.

நம் நாட்டில்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே என். கோபிநாத் குழுவினர் இதய-நுரையீரல் கருவியின் துணையோடு திறந்த இதய அறுவை செய்தனர். பின்னர்த் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு, குருதிப்பை ஆகியவற்றோடு குமிழி வகை ஆக்சிஜனேற்றியும் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. இறக்குமதிப் பொருளின் விலையைத் தாங்கவியலாத நோயாளிகளை மனத்திற்கொண்டு எழுந்த முயற்சி அது.

விலை பற்றிய அவ்வினா இன்றும் தீரவில்லை. எக்மோ சிகிச்சைக்குச் சில நாள்களிலேயே பல இலட்சம் ரூபாய் செலவாகும். இடைவிடாது கண்காணிக்கும் பயிற்சி பெற்ற குழுவும் தேவை. பென்னாகரத்தின் மலைக்கிராமத்தில் மூச்சுத்திணறும் ஒருவருக்குச் சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஒவ்வொரு வட்டத்திலும் எக்மோ கருவி வேண்டுமென்று நாம் கூறவில்லை. போதிய பழக்கமில்லாத கைகளில் அது தீங்கே செய்யும். உடனடி ஆக்சிஜன், குருதியில் அதன் அளவைக் காட்டும் எளிய கருவி, உரிய நேரத்தில் மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவை வட்ட மருத்துவமனையில் உறுதியாக இருந்தால், எக்மோ தேவைப்படும் நிலையே பலருக்கு வராது. அதன் பின்னும் தேவைப்படுவோர்க்கு, பணமின்மை ஒன்றே தடையாக நின்றுவிடலாகாது.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, வக்ஃபு வருவாயில் செல்வர் வறியவர் வேறுபாடின்றிச் சிகிச்சை அளித்தது. 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ், தம் வீட்டையும் நூலகத்தையும் அதற்கே எழுதி வைத்தார். நுரையீரலின் வழியை எழுதிக் காட்டியவர், தம் உடைமையைப் பொதுவில் வைத்துச் சென்றார். முதலாவதைப் பாராட்டும் நாம் இரண்டாவதையும் மறவாதிருத்தல் வேண்டும்.